அடுத்த லென்ஸ் எந்தப் படத்துக்கு?

ஒரு நண்பர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவரிடம் ஐந்து ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமராக்கள்) இருக்கின்றன: லைக்கா எம்6, ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர், ஜோர்கி-4, கேனனெட் க்யூஎல்17, யாஷிகா எலக்ட்ரோ 35. லென்ஸ்களும் ஐந்து (மி.மீ. எண் பார்வைக்கோணத்தையும், எஃப் எண் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதையும் சொல்லும்; எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது): 35 மி.மீ. எஃப்/2.5 கலர்-ஸ்கோபார், 40 மி.மீ. எஃப்/1.4 நாக்டன், 50 மி.மீ. எஃப்/2 சம்மிக்ரான், 50 மி.மீ. எஃப்/1.5 ஜூபிட்டர்-3, 90 மி.மீ. எஃப்/4 எல்மார். சென்னைத் தெருக்களையும் வீட்டில் தன் குழந்தைகளையும் எடுக்கிறார். மாதத்துக்கு ஒரு ரோல், மிஞ்சினால் இரண்டு. ஆனால் விற்பனைப் பக்கங்களைப் பார்க்காமல் ஒரு நாளும் படுக்கப் போவதில்லை. இப்போது லைக்கா எம்2 பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா), எட்டு எலிமென்ட் (உள்ளிருக்கும் கண்ணாடி வில்லைகள்) கொண்ட பழைய 35 சம்மிக்ரானும் அவரைப் பிடித்து ஆட்டுகின்றன. "இந்த வாங்கும் ஆசையை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது?" என்பது அவர் கேள்வி.

நண்பரே, ஆசையோடு மல்லுக்கட்டினால் தோற்றுப்போவீர்கள். அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பொருள் கையில் இல்லாததால் நான் எடுக்க முடியாமல் போன படம் எது?" இடம், நேரம், ஆள் என்று சொல்லிக் காட்டக்கூடிய ஒரு படம் இருந்தால் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். அப்படி ஒன்றைச் சொல்ல முடியாவிட்டால், அந்த ஆசைக்கும் உங்கள் புகைப்படங்களுக்கும் தொடர்பில்லை. இந்தக் கேள்வியை எங்கே, எப்படிக் கேட்பது என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப்போகிறேன். அதற்கு முன், இந்தக் கேமராக்கள் ஏன் மற்றவற்றைவிட அதிகமாக ஆளை இழுக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

கருவி வாங்கிக் குவிக்கும் பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டர் மோகத்துக்குத் தனியான காரணங்கள் இருக்கின்றன. முதலாவது மவுண்ட், அதாவது லென்ஸைப் பாடியில் மாட்டும் வாய். லைக்கா எம்3 வந்த 1954-இலிருந்து இன்றுவரை எம் மவுண்ட் மாறவில்லை. அதற்கு முந்தைய 39 மி.மீ. திருகு மவுண்ட் லென்ஸ்களும் அதில் ஏறும். திருகு மவுண்டில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. நடுவில் மிஞ்சும் அந்த ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வளையத்தைச் செய்துவிட்டால் போதும். ஆகவே 1930களின் எல்மாரிலிருந்து சீனாவில் இப்போது செய்யப்படும் லென்ஸ்வரை, லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம், கேனான், நிக்கான், சோவியத் தொழிற்சாலைகள், கொசினா என யார் இந்த இரண்டு மவுண்டுகளுக்குச் செய்ததும் உங்கள் எம்6-இல் ஏறும். எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) உலகில் பெரும்பாலும் இப்படி இல்லை. கேனான் 1987-இல் புது மவுண்டுக்கு மாறியபோது பழைய எஃப்டி லென்ஸ்களுக்கான கதவு மூடப்பட்டது. எம் மவுண்டில் அப்படி எந்தக் கதவும் மூடப்படவே இல்லை. விற்பனைப் பக்கத்தில் எதைப் பார்த்தாலும் "இதுவும் நமக்குப் பொருந்துமே" என்று மனம் உடனே கணக்குப் போடுகிறது.

இரண்டாவது காரணம்தான் என் பார்வையில் மிக முக்கியமானது. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் தெரியும் சிறு கட்டத்தில் இரண்டு பிம்பங்கள். லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்புற விளிம்பு பாடிக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ள, இரண்டு பிம்பங்களும் ஒன்றின் மேல் ஒன்று வந்து பொருந்துகின்றன. அவ்வளவுதான். முன்னால் மாட்டியிருப்பது சம்மிக்ரானா ஜூபிட்டரா என்பது அந்த ஜன்னலுக்குத் தெரியாது. மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி அதேபோல் தெளிவாகத்தான் இருக்கும். இதன் பொருள் என்ன? ஒரு லென்ஸின் "குணம்" என்று நாம் ஏங்குவதைப் படமெடுக்கும் நேரத்தில் நாம் ஒருபோதும் காண்பதில்லை. யாரோ ஒருவர் வேறெங்கோ, வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பார்த்ததை நம் கற்பனையில் சுமந்துகொண்டு திரிகிறோம். கண்ணெதிரே சோதித்துப் பார்க்க முடியாத ஆசை தணிவதே இல்லை.

மூன்றாவது, ஃபிலிமின் தாமதம். ரோல் முடிய மூன்று வாரம், லேபில் கொடுத்து ஸ்கேன் வர இன்னும் சில நாட்கள். எடுத்ததற்கும் பார்ப்பதற்கும் நடுவே இப்படி ஒரு வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடத்தைத்தான் விற்பனைப் பக்கங்கள் நிரப்புகின்றன. அங்கே எல்லாம் உடனுக்குடன் நடக்கிறது: தேடல், படங்கள், விலை குறைப்பு, ஏலம் முடியும் நேரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் நெடுங்காலமாக விளக்கிவரும் ஒரு விஷயம் இங்கே உதவும். ஒன்றை அடையத் துடிக்கும் தவிப்புக்கும், அது கிடைத்தபின் வரும் இன்பத்துக்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. டோபமைன் பெரும்பாலும் தவிப்பைத்தான் இயக்குகிறது. அதனால்தான் பார்சலைப் பிரித்த மறுநாளே அடுத்த தேடல் தொடங்குகிறது. வாங்கிய பொருளில் குறையே இல்லை, தவிப்பு மட்டும் அப்படியே மிச்சமிருக்கிறது.

நான்காவதாக விலை. நல்ல நிலையில் உள்ள ஃபிலிம் லைக்காக்களும் லென்ஸ்களும் விலை இறங்காமல் நிற்கின்றன. பல ஏறியும் இருக்கின்றன. ஆகவே "பணம் எங்கும் போகவில்லை, பீரோவில்தானே இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. இதை நான் ஏற்பதில்லை. விற்றால்தான் அது பணம். விற்றுக் கொடுப்பவரின் கமிஷன், அனுப்பும் செலவு, வாங்கும்போது கட்டிய சுங்க வரி, ஒரு முறையாவது செய்தாக வேண்டிய சர்வீஸ் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். முதலீடு என்று வாங்குகிறவர் பெட்டி, ரசீது, கீறல் இல்லாத மேல்தகடு எல்லாம் பார்த்து வாங்கிப் பூட்டி வைக்கிறார். தெருவில் வியர்வைக் கையோடு எடுத்துத் திரிகிற உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டிஜிட்டல் பக்கம் நிலைமை இன்னும் கடினம். 2009-இல் முழு ஃபிரேம் சென்சாரோடு வந்த எம்9-இன் சென்சார் மேல் கண்ணாடி அரித்துப் போகும் குறை எல்லோரும் அறிந்தது.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் வெளிச்சத்தை வைத்து ஒரு கணக்கு, ஏனென்றால் பாதி ஆசைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

நீங்கள் எச்பி5 போன்ற 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு மயிலாப்பூர் மாடவீதியில் பகல் வெயிலில் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி வெயிலில் எஃப்/16, ஷட்டர் 1/500. உங்கள் எம்6-இன் அதிகபட்ச வேகம் 1/1000. அப்போது அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/11. அதற்குமேல் திறந்தால் படம் வெளுக்கும். பெஸ்ஸாவில் 1/2000 இருப்பதால் எஃப்/8 வரை போகலாம். அதாவது எஃப்/1.4 என்று முகப்பில் எழுதியிருக்கும் லென்ஸை, சென்னைப் பகலில், இந்த ஃபிலிமோடு, அதன் பெயருக்கேற்றபடி ஒரு முறைகூடத் திறக்க முடியாது. எஃப்/11-இல் 35 மி.மீ. லென்ஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 15 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். அங்கே ரேஞ்ச்ஃபைண்டர் கட்டத்தைப் பார்க்கவே தேவையில்லை. அந்த அளவில் உங்கள் கலர்-ஸ்கோபாரையும் எட்டு எலிமென்ட் சம்மிக்ரானையும் ஒரு பிரிண்டில் பிரித்தறிவது மிகமிகக் கடினம்.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். முக்காலியில் வைத்து, ஒரே காட்சியை, இரண்டு 50 மி.மீ. லென்ஸ்களாலும் எஃப்/8-இல் எடுங்கள். பிறகு இரண்டையும் முழுவதும் திறந்து எடுங்கள். சிறிய அளவில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் குறித்துவிட்டு, சில நாட்கள் கழித்துக் கலைத்துப் போட்டு எது எதுவென்று சொல்லிப் பாருங்கள். முழுவதும் திறந்த படங்களில் வித்தியாசம் தெரியும். ஜூபிட்டர்-3, லுட்விக் பெர்டெலெ வடிவமைத்த ஜெய்ஸ் சோன்னாரின் சோவியத் வாரிசு. அதன் மென்மையும் பின்னணி கரையும் விதமும் சம்மிக்ரானுக்கு வராது. லென்ஸ்களுக்குக் குணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் குணம் எந்த அபெர்ச்சரில், எந்தத் தூரத்தில், எந்த வெளிச்சத்தில் வெளிப்படும் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் படங்களில் எத்தனை அந்த எல்லைக்குள் வருகின்றன என்று எண்ணிவிடலாம். தெருப்படக்காரருக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் மிகச் சிறியது.

வீட்டுக்குள் குழந்தைகளை எடுப்பது வேறு கதை. இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் 400 ஐஎஸ்ஓவுக்கு எஃப்/2, 1/30 என்ற அளவில்தான் நிற்போம். எஃப்/1.4 என்றால் 1/60. ஓடும் குழந்தைக்கு அதுவும் போதாது. இங்கே உங்களுக்கு உண்மையான தேவை இருக்கிறது. ஆனால் அதைத் தீர்க்கப் புது லென்ஸ் வேண்டாம். எச்பி5-ஐ 1600-க்குப் புஷ் செய்தால், அதாவது 1600 ஐஎஸ்ஓவாக எண்ணி எடுத்துக் கூடுதல் நேரம் டெவலப் செய்தால், இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு) கிடைக்கிறது. உங்கள் நாக்டனோடு சேர்த்தால் 1/250 வரை போகலாம். எந்த விலை கொடுத்து எந்த லென்ஸை வாங்கினாலும் இந்த இரண்டு ஸ்டாப் கிடைக்காது. இன்னும் எளிய வழி, பகலில் ஜன்னலோரமாக எடுப்பது.

இப்போது அந்தக் கேள்விக்கான நோட்டுப் புத்தகம். சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எடுத்த படங்களைக் குறிக்க வேண்டாம், தவறவிட்டவற்றை மட்டும் குறியுங்கள். என்ன படம், ஏன் தவறியது என்று ஒரு வரி. "பூக்காரம்மா சிரித்தார், ஃபோகஸ் திருப்புவதற்குள் போயிற்று." "கேமரா வீட்டில் இருந்தது." "கிட்டே போகத் தயங்கினேன்." "ரோல் முடிந்துவிட்டது." ஐந்தாறு ரோல் வரைக்கும் இதை விடாமல் எழுதினால் ஒரு உண்மை தெரியவரும்: காரணங்களில் பெரும்பாலானவை தயக்கம், தாமதம், அங்கே இல்லாமல் போனது. லென்ஸ் இல்லாததால் தவறியவை அரிது. அப்படி ஒன்று இருந்தால், திரும்பத் திரும்ப அதே காரணம் வந்தால், அது கவனிக்க வேண்டிய குறிப்பு. உதாரணமாக, "குறுகிய சந்து, பின்னால் நகர இடமில்லை" என்று நோட்டு முழுக்க வருகிறதென்றால் உங்களுக்கு 28 மி.மீ. தேவைப்படலாம். அதை வாங்குங்கள், மனசாட்சி உறுத்தாமல் வாங்குங்கள். வாங்கும் முன் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் எம்6-இன் 0.72 உருப்பெருக்க வியூஃபைண்டரில் (பார்க்கும் ஜன்னல்) 28-க்கான, படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகளின் நான்கு ஓரங்களையும் ஒரே பார்வையில் காண்பது சிரமம். விற்பனைப் பக்கங்களில் இதை யாரும் எழுத மாட்டார்கள்.

அடுத்தது, ஒரு பாடி, ஒரு லென்ஸ், ஆறு மாதம். இந்த யோசனையை எல்லோரும் சொல்வார்கள். பலர் இரண்டாவது வாரமே விட்டுவிடுவார்கள். விடுவதற்குக் காரணம், மற்றவை எல்லாம் அதே அலமாரியில் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது. நம்பிக்கையான ஒரு வீட்டில், தங்கையிடமோ நண்பரிடமோ, மீதி எல்லாவற்றையும் கொடுத்து வையுங்கள். எந்த லென்ஸ்? உங்களுக்கு நான் 50 சம்மிக்ரானையோ 35 ஸ்கோபாரையோ சொல்வேன், 40 நாக்டனைச் சொல்ல மாட்டேன். அது நல்ல லென்ஸ். ஆனால் எம்6-இல் அதை மாட்டினால் 50-க்கான கோடுகள்தான் வரும். கோட்டுக்கு வெளியே எவ்வளவு விழும் என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியிருக்கும். ஒரு பார்வைக்கோணம் உடம்பில் ஊற வேண்டிய காலத்தில் இந்த ஊகம் குறுக்கே நிற்கும்.

அந்த ஊறல் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனைவிடச் சிறந்த சான்று இல்லை. அவர் 1932-இல் மார்செய் நகரில் லைக்கா வாங்கினார். வாழ்நாளின் பெரும்பகுதியும் 50 மி.மீ. லென்ஸ்தான். 1948 ஜனவரியில் காந்தியின் கடைசி நாளை எடுத்ததும், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் இறுதி நாட்களை எடுத்ததும் அந்தக் கைப்பழக்கத்தோடுதான். கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தும் முன்பே படத்தின் ஓரங்கள் எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லி லைக்கா வாங்குகிறவர்கள் ஏராளம். அவர் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது லென்ஸை மாற்றாமல் இருந்ததை. அது செலவில்லாமல் கிடைப்பதால் விளம்பரங்களில் வருவதில்லை.

மூன்றாவது யோசனை, அந்தத் தாமத வெற்றிடத்தை அடைப்பது. கறுப்பு வெள்ளை ரோல்களை நீங்களே வீட்டில் டெவலப் செய்யுங்கள். சேஞ்சிங் பேக் (வெளிச்சம் புகாத பை), ஒரு டேங்க், தெர்மாமீட்டர், டெவலப்பர், ஃபிக்ஸர்; இருட்டறை வேண்டாம், குளியலறை போதும். டி-76 என்ற டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து எச்பி5-ஐ 20 டிகிரியில் டெவலப் செய்யலாம். சென்னையில் குழாய்த் தண்ணீர் பல மாதங்கள் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். ஐஸ் போட்ட வாளியில் பாட்டில்களை நிறுத்திக் குளிர வைக்க வேண்டும். இந்தக் கைவேலையில் ஒரு நிறைவு இருக்கிறது. தொட்டுச் செய்யும் இன்பத்துக்காகத்தான் பலர் பழைய கேமராக்களைத் தேடுகிறார்கள் என்று நான் நம்புகிறேன். அது அடுத்த பாடியில் கிடைக்காமல் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தும் அந்தச் சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. ஈர நெகட்டிவைக் கொக்கியில் தொங்கவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும் இரவில் யாரும் ஏலப் பக்கத்தைத் திறப்பதில்லை.

வரும் வழியையும் அடைக்க வேண்டும். சேமித்து வைத்த தேடல்கள், விலை குறைந்தால் தெரிவிக்கும் அறிவிப்புகள், விற்பனைக்கென்றே இயங்கும் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். "இந்த நிலையில் இன்னொன்று கிடைக்காது" என்று விற்பவர் எழுதுவார். எம்3 மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. கேனனெட்டும் யாஷிகா எலக்ட்ரோவும் உலகமெங்கும் விற்று நிறைந்தவை. சில விசேஷ வரிசைகளைத் தவிர, நீங்கள் ஆசைப்படும் எதுவும் அரிதல்ல. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடமும் இருக்கும். பார்த்த அன்றே வாங்கியாக வேண்டிய ரேஞ்ச்ஃபைண்டர் என்று ஒன்று கிடையாது.

"ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும்" என்ற விதியைப் பலரும் மருந்தாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணிக்கை ஏறாது என்பது உண்மை. ஆனால் வாங்கல் விற்றலே வேலையாகிவிடும். ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் பணம் கரைகிறது, அதைவிட மோசமாக, ஒரு லென்ஸோடு பழகிய பழக்கம் கரைகிறது. ஃபோகஸ் வளையம் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினால் இரண்டு மீட்டர் என்பது விரலுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். அது தெரியும் நேரத்தில் லென்ஸை மாற்றுகிறவர் எப்போதும் புதியவராகவே இருப்பார்.

சும்மா கிடக்கும் கேமராவுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இது மிகப் பெரிய விஷயம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கக் காற்றில் ஈரமும் இருட்டும் போதும். முதலில் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி தெரியும். விட்டுவிட்டால் கோட்டிங்கைத் தின்று கண்ணாடியில் தடம் பதிக்கும். அழகான பழைய தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குள் லென்ஸை வைத்துப் பூட்டாதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் ட்ரை கேபினெட் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். பூஞ்சை மட்டுமல்ல. கேனனெட் போன்றவற்றின் இலை ஷட்டர் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரோ 35-இல் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் துண்டு பொடிந்துபோனால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் குழம்பும். துணி ஷட்டர் உள்ள ஜோர்கியையோ லைக்காவையோ மூடியில்லாமல் வெயிலில் வைத்தால், எஸ்எல்ஆரில் உள்ளதுபோல் குறுக்கே முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் இல்லாததால், சூரியன் லென்ஸ் வழியாகக் குவிந்து ஷட்டர் துணியில் ஓட்டை போட்டுவிடும். ஐந்து கேமராக்களையும் மாதம் ஒரு முறையாவது எல்லா வேகத்திலும் ஓடவிட்டு, லென்ஸ்களை வெளிச்சத்தில் பார்த்து வைக்க உங்களுக்கு நேரமிருக்கிறதா? ஆறாவது வந்தால்? புதிதாக வாங்கும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருப்பதன் பராமரிப்பிலிருந்துதான் நேரத்தைத் திருடுகிறது.

சேகரிப்பவர் என்றால் இதெல்லாம் பொருந்தாது. சேகரிப்பு கௌரவமான காரியம். ஆனால் அதற்கு எல்லை வேண்டும், படிப்பு வேண்டும். 1932-இன் லைக்கா 2-ஐ ஒட்டிக் கார்கிவ் நகரில் 1934-இல் தொடங்கிய ஃபெட் கேமரா, 1948-இலிருந்து கிராஸ்னோகோர்ஸ்க்கில் வந்த ஜோர்கி என்று ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டால் செலவும் குறைவு, வரலாறும் ஆழமானது. அல்லது இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் கான்டாக்ஸ் கேமராவைச் செய்த இயந்திரங்கள் கீவுக்குப் போய்ப் பிறந்த கீவ் கேமராக்கள். அந்தப் பாதையில் போகிறவர் போலிகளையும் கற்றுக்கொள்ள வேண்டும்: ஃபெட், ஜோர்கி மேல்தகட்டைச் சுரண்டி "லைக்கா" என்று பொறித்து, தங்கமுலாமும் போர்க்கால முத்திரையும் போட்டு விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நீங்கள் சேகரிப்பவரா, படமெடுப்பவரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுமாக இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் பணம் ஒரே பையிலிருந்து போகக் கூடாது. படமெடுக்கும் பையில் முதல் செலவு ஃபிலிம், இரண்டாவது சர்வீஸ்.

ஒன்றைக் கவனமாகச் சொல்கிறேன். வாங்கியதை வீட்டில் மறைக்கிறீர்களா? விலையைக் குறைத்துச் சொல்கிறீர்களா? கிரெடிட் கார்டு பாக்கியைச் சுழற்றுகிறீர்களா? மனம் வாடும்போதெல்லாம் கை தானாக விற்பனைப் பக்கத்துக்குப் போகிறதா? இவற்றில் ஏதாவது உண்டென்றால் இது கேமரா விஷயம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள், மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இனி உங்கள் இரண்டு குறிப்பிட்ட ஆசைகள். எம்2 அருமையான கேமரா. ஆனால் உங்கள் எம்6-க்கும் அதற்கும் ஒரே மவுண்ட், ஒரே 0.72 உருப்பெருக்கம், ஒரே 1/1000. எம்2-வில் மீட்டர் இல்லை. படக்கணக்கியைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். ரோல் மாற்றுவது மெதுவானது. பதிலுக்கு என்ன கிடைக்கிறது? 35, 50, 90 கோடுகள் ஒவ்வொன்றாகத் தனியே தெரியும். எம்6-இல் அவை இரண்டிரண்டாக வரும். எதிர் வெளிச்சத்தில் எம்6-இன் ஃபோகஸ் கட்டம் வெளுத்துப் போவதுபோல் எம்2-வில் அவ்வளவாக ஆகாது. இந்த வெளுப்புதான் உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வருகிறதா? கண்ணை ஜன்னலின் நடுவுக்குக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மீட்டர் இல்லாமல் எடுக்கும் சுகம்தான் வேண்டுமென்றால் எம்6-இன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்திலும் ஓடும்.

எட்டு எலிமென்ட் 35 சம்மிக்ரான் 1958-இல் வந்தது. உங்கள் ஸ்கோபாரைவிட அது முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவாகத்தான் வெளிச்சம் கூடுதலாகத் தரும். முழுவதும் திறந்தால் வரும் மென்மையான ஒளி மினுக்கம் அழகானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மினுக்கத்தைக் காட்டும் எந்தப் படத்தை எங்கே எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது ஒரு வாரம் கடன் வாங்கி, மாலை நேரத்தில், எஃப்/2-இல் இரண்டு ரோல் எடுத்துப் பாருங்கள். பிறகும் வேண்டுமென்று தோன்றினால், 40 நாக்டனையும் ஸ்கோபாரையும் விற்றுப் பணம் சேரும்வரை காத்திருங்கள்.

எலக்ட்ரோவும் கேனனெட்டும்? இரண்டும் ஒரே வேலைக்கானவை. கேனனெட்டைப் பிள்ளைகளில் பெரியவருக்குக் கொடுங்கள், பழைய 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்குப் பதில் காது கேட்கும் கருவிக்கான 675 அளவு ஜிங்க்-ஏர் செல்லை ஒரு வளையத்தோடு போட்டால் மீட்டர் சரியாகச் சொல்லும். எலக்ட்ரோவை விற்றுவிடலாம். 90 எல்மாரை ஒரு வருடமாகத் தொடவில்லை என்றால் அதையும். ஜோர்கியை மட்டும் ஜூபிட்டர்-3-இலிருந்து பிரிக்காதீர்கள். சோவியத் லென்ஸ்கள் லைக்காவின் அளவுக்கு இல்லாமல் வேறொரு அளவுக்கு ஃபோகஸ் பொருத்தப்பட்டவை. எம்6-இல் மாட்டி எஃப்/1.5-இல் பிள்ளைகள் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் தப்பும், அதே படம் ஜோர்கியில் சரியாக விழும். ஜோர்கியில் ஷட்டர் வேகத்தை மாற்றுவது மட்டும் ஃபிலிமை நகர்த்திய பிறகுதான். அதற்கு முன்பே திருப்பினால் உள்ளே பழுதாகும்.